பட்டாளத்துக்காரன் பயப்படலாமா?

அன்புள்ள ஐயா,

கல்லூரி ஒன்றில் என்.சி.சி. பொறுப்பாசிரியராக இருக்கிறேன். 2024 வயநாடு நிலச்சரிவின்போது சூரல்மலையில் ராணுவம் ராப்பகலாக நின்று பாலம் கட்டிய வீடியோவை மாணவர்களுக்குப் போட்டுக் காட்டினேன். பேரிடர் என்றதும் ராணுவ வீரர்கள் மட்டும் எப்படித் தயாராக இருக்கிறார்கள்? எல்லா மாணவர்களுக்கும் ராணுவப் பயிற்சியைக் கட்டாயமாக்கினால் அந்த இரும்பு மனம் நமக்கும் வந்துவிடாதா?

ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

கட்டாயப் பயிற்சியில் எனக்கு நம்பிக்கை இல்லை, அதை விடுங்கள். ‘இரும்பு மனம்’ என்று எழுதியிருக்கிறீர்களே, கொஞ்ச காலமாக என்னை அரித்துக்கொண்டிருப்பது அதுதான்.

ராணுவத்தின் பொறியியல் படைப்பிரிவான மெட்ராஸ் சாப்பர்ஸ் கட்டிய அந்த 190 அடி பெய்லி பாலத்தை, அதாவது தயாராக வைத்திருக்கும் இரும்புச் சட்டங்களைக் கோத்துக் கட்டும் பாலத்தை, நானும் கண்கொட்டாமல் பார்த்தேன். மேஜர் சீதா ஷெல்கே முன்நின்று நடத்தினார். அந்தச் சட்டம் ஒன்று, பேனல் என்பார்கள், சுமார் 260 கிலோ. ஆறு பேர் சேர்ந்து தூக்க வேண்டும். யார் எங்கே நிற்பது, பேனல்களை இணைக்கும் பின்னை எப்போது செருகுவது என்பதெல்லாம் மைதானத்தில் பழகிப் பழகிக் கைக்கே தெரிந்துவிடும். கொட்டும் மழையிலும் அந்தக் கை லேசில் தடுமாறாது. ஆனால் அக்கரையில் சேற்றைத் தோண்டும்போது ஒரு குழந்தையின் கை தட்டுப்படுகிறதே, அதை எந்த மைதானத்தில் பழகுவது?

என் தாய்மாமா சாப்பர்ஸில் ஹவில்தாராக இருந்தார். 1993 செப்டம்பர் 30 விடிவதற்கு முன் மகாராஷ்டிரத்தின் கில்லாரியைப் பூகம்பம் தாக்கியது. கனத்த கல்சுவரும் மண்கூரையும் தூங்கிக்கொண்டிருந்தவர்கள் மேலேயே சரிந்தன. அந்த வட்டாரத்தில் ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். மாமா அங்கே இடிபாடு அகற்றப் போனார். பிறகு லீவில் வந்தவர் வீட்டுக்குள் படுக்க மாட்டேன் என்றுவிட்டார். பிள்ளைகளையும் பாயோடு இழுத்து வாசலில் போட்டார். “பட்டாளத்துக்காரன் பயப்படலாமாடா?” என்று ஆச்சி தெருவே கேட்கத் திட்டினாள். அதற்குப் பிறகு மாமா கில்லாரியைப் பற்றி வாயே திறக்கவில்லை.

உங்கள் கடிதத்தில் ஆச்சியின் குரல்தான் கேட்கிறது. அவள் பள்ளிக்கூடம் போகாதவள், மகன் மேல் உயிரையே வைத்திருந்தவள். நீங்கள் ஆசிரியர், நீங்கள் இப்படி எழுதலாமா?

1989-ல் அமெரிக்கப் போர்க்கப்பல் அயோவாவில் பீரங்கி மேடை வெடித்து 47 மாலுமிகள் இறந்தார்கள். அந்த உடல்களைக் கையாண்டவர்களை மனநல மருத்துவர் ராபர்ட் உர்சானோவும் அவரது குழுவினரும் ஆராய்ந்தார்கள். ‘இவன் என் நண்பனாக இருந்திருக்கலாம்’ என்று நினைத்தவர்களுக்கே பின்னாளில் மனக்காயம் அதிகமாக இருந்தது. நெஞ்சில் ஈரம் இருப்பவன்தான் உடைகிறான் தம்பி. அந்த ஈரம் இருப்பதால்தான் அவன் வெறுங்கையால் மண்ணைத் தோண்டுகிறான். அதையே கோழைத்தனம் என்று அவனை ஏசுகிறோம்.

2004 சுனாமியில் கார் நிக்கோபார் விமானப்படைத் தளத்தில் வீரர்களும் குடும்பத்தாருமாக நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் போய்விட்டார்கள். மிஞ்சியிருந்த ஓடுபாதையில்தான் நிவாரண விமானங்கள் இறங்கின. வீட்டைப் பறிகொடுத்துவிட்டு அந்த வேலையில் நின்றவர்களை இரும்பு என்று சொல்ல எனக்கு வாய் வராது.

தயார்நிலை என்று நான் சொல்வது இதைத்தான். உடல்களைத் தொடவேண்டியிருக்கும் என்று கிளம்பும் முன்பே சொல்லிவிட வேண்டும். புதுப் பையனைத் தனியே விடாமல் அனுபவசாலியோடு சேர்க்க வேண்டும். இறந்தவர் சட்டைப்பையில் இருக்கும் போட்டோவை உற்றுப் பார்க்காதே என்று எச்சரிக்க வேண்டும். ஆள் மாற்றித் தூங்கவிட வேண்டும். அவன் வீட்டுக்கு ஒரு போன் பேச வழி செய்ய வேண்டும். திரும்பி வந்தபின், அவன் தூங்குகிறானா, சாப்பிடுகிறானா என்று மேலதிகாரியே விசாரிக்க வேண்டும். ஒரு தரம் கேட்டால் போதாது, மாதக்கணக்கில் கேட்க வேண்டும்.

பாலத்தைத் தாராளமாகக் காட்டுங்கள். உங்கள் ஊரிலேயே ஓய்வுபெற்ற சாப்பர் யாராவது இருப்பார். பேச அவருக்கு மனமிருந்தால் வகுப்புக்கு அழைத்து வாருங்கள். மேடை வேண்டாம், பொன்னாடை வேண்டாம். நடுவில் அவர் அழுதுவிட்டால், “நம் வீரர்கள் அழமாட்டார்கள்” என்று மட்டும் மாணவர்களிடம் சொல்லிவிடாதீர்கள்.