ஆறாவது கட்டில் யாருக்கு?

கேள்வி: நாங்கள் டென்மார்க்கில் ஹேர்னிங்கில் இருக்கிறோம். இந்தக் கோடையில் 29ஆம் வாரம் (யூலை நடுப்பகுதி) ஒரு கோடை வீடு எடுத்து நாட்டுக்குள்ளேயே எங்காவது போக யோசனை. மேற்குக் கடற்கரையில் ப்ளோவண்டில் ஆறு கட்டில் வீடு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நாங்கள் இருவர், மூன்று பிள்ளைகள், மூத்தவளின் சிநேகிதி ஒருத்தி, சரியாக இருக்கும். ஆனால் கணவருக்கு சைக்கிள் ஓட போர்ன்ஹோல்ம் வேண்டுமாம், பிள்ளைகள் வடக்கு முனையிலுள்ள ஸ்கேயன் என்கிறார்கள், எனக்கு மூன்ஸ் கிளிண்ட் வெள்ளைப் பாறைகளைப் பார்க்க ஆசை. இதனால் தினமும் சண்டை. மாமி எங்களோடுதான் இருக்கிறார், 74 வயது, முழங்கால் வருத்தம், "நீங்கள் போட்டு வாங்கோ" என்றுவிட்டார். எந்த இடத்தைத் தெரிவு செய்யலாம்?
— ஒரு வாசகி, ஹேர்னிங்

பதில்: தங்கச்சி, நீங்கள் எழுதிய நாலு இடங்களைப் பற்றியும் சொல்கிறேன், ஆனால் முதலில் அந்த ஆறு கட்டில். உங்கள் வீட்டில் இருப்பதே ஆறு பேர்தானே. நீங்கள், கணவர், மூன்று பிள்ளைகள், மாமி. அந்த வீடு உங்கள் குடும்பத்துக்கு அளவெடுத்துக் கட்டியது மாதிரி இருக்கிறது. ஆறாவது கட்டிலை மகளின் சிநேகிதிக்குக் கொடுத்துவிட்டு "சரியாக இருக்கும்" என்று எழுதியிருக்கிறீர்கள், எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லையா?

கோடை வந்தால் இதே கடிதம் வேறு வேறு ஊர்ப் பெயரோடு எனக்கு வந்துகொண்டே இருக்கும். எல்லாவற்றிலும் கடைசிப் பக்கம் ஒரு வயதானவர் முழங்கால் வருத்தத்தோடு நிற்பார், எல்லாவற்றிலும் அவர் தானாகவே வரவில்லை என்று சொல்லியிருப்பார். "போட்டு வாங்கோ" என்பதை நீங்கள் பதிலாக எடுத்துக்கொண்டதுதான் எனக்குக் கோபம். நம் தாய்மாரில் யார் முதல் தரம் கேட்டவுடனே "ஓம், நானும் வாறன்" என்று சொல்லியிருக்கிறார்கள்? பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடக்கூடாது என்று ஒரு தரம் மறுப்பார்கள், இரண்டு தரம் மறுப்பார்கள், அதற்குப் பிறகும் கையைப் பிடித்துக் கூப்பிட்டால்தான் உண்மையான விருப்பம் வெளியே வரும். அதுவும் வீடு பார்த்து, கட்டில் எண்ணி, சிநேகிதிக்கும் சொல்லி முடித்த பிறகு அவரிடம் போனால் அவர் வேறு என்ன சொல்வார்? ஆறு வரை எண்ண அவருக்கும் தெரியும்.

இதில் உங்களை மட்டும் ஏசுவது நியாயமில்லை. அவர் பெற்ற மகன் எங்கே? உங்கள் கடிதத்தில் அவர் சைக்கிளுக்காக மட்டும்தான் வாய் திறக்கிறார். தாயைக் கூப்பிட வேண்டியது மகன். மருமகள் கேட்டு மாமி மறுத்தார் என்பதோடு இந்த விஷயத்தை முடித்துக்கொண்டு அவர் ஒதுங்கியிருப்பது சரியே இல்லை, இந்தப் பக்கத்தை அப்படியே அவரிடம் காட்டுங்கள். ஒரு வீட்டில் ஒன்றாகச் சாப்பிடுகிறவர்கள் விடுமுறைக்கும் ஒன்றாகத்தான் போக வேண்டும் என்று நம்புகிறவள் நான். இது பழைய கதை என்று யார் சொன்னாலும் எனக்குக் கவலையில்லை.

சரி, இடத்துக்கு வருவோம். மாமியின் முழங்காலை முன்னே வைத்துப் பாருங்கள், உங்கள் சண்டையில் பாதி தானாக அடங்கிவிடும்.

மூன்ஸ் கிளிண்ட் பாறை 128 மீட்டர் உயரம், கீழே கடற்கரைக்கு ஏறக்குறைய 500 படி இறங்கி அதே படியில் ஏற வேண்டும். அதை நீங்களும் கணவரும் இன்னொரு வார இறுதியில் போய்ப் பாருங்கள். போர்ன்ஹோல்ம் வடிவான தீவுதான், ஆனால் ஹேர்னிங்கிலிருந்து நாட்டைக் குறுக்கே கடந்து, பாலம் தாண்டி சுவீடனுக்குள் போய், ஈஸ்டாட்டில் கப்பல் ஏறி இன்னும் ஒன்றேகால் மணிக்கு மேல் போக வேண்டும். 74 வயது முழங்காலை ஒரு நாள் முழுக்க காருக்குள் மடக்கி வைக்கிற பயணம் அது. ஸ்கேயன் மோசமில்லை. இரண்டு கடல் மோதுகிற கிரேனன் முனைக்கு மணலில் நடக்க ஏலாதவர்களை சாண்டோர்மன் என்ற ட்ராக்டர் பஸ் கொண்டுபோய் விடும் (அந்த முனையில் குளிக்கத் தடை, நீரோட்டம் ஆளை இழுத்துவிடும், பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள்). ஆனால் நீங்கள் கேட்கிற 29ஆம் வாரம்தான் கோபன்ஹேகன் பக்கத்துப் பணக்காரக் கூட்டம் முழுக்க அங்கே வந்து இறங்குகிற வாரம். விலையும் நெரிசலும் உங்களுக்கு வேண்டாம். ப்ளோவண்டில் பெரும்பாலும் மணல்மேட்டைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போக வேண்டியிருக்கும், புதைகிற மணலில் முழங்கால் வருத்தக்காரர் பத்து அடி நடப்பதே பெரும்பாடு.

நீங்கள் எழுதாத ஒரு இடம் சொல்கிறேன், ரோமோ. தென்மேற்கு மூலையில் இருக்கிற தீவு, ஆனால் கப்பல் வேண்டாம், 1948இல் திறந்த ஒன்பது கிலோமீட்டர் தரைப்பாதையில் காரிலேயே போய்விடலாம். உங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அங்கே லாகொல்க், சொண்டர்ஸ்ட்ராண்ட் என்ற இரண்டு கடற்கரைகளிலும் காரை மணலுக்குள்ளேயே ஓட்டிப் போகலாம். மணல் இறுகி, பரந்து கிடக்கும். காரைக் காற்றுக்கு மறைப்பாக நிறுத்தி, பக்கத்தில் கதிரை போட்டு, மாமி தேத்தண்ணிப் போத்தலோடு உட்கார்ந்து பேரப்பிள்ளைகள் பட்டம் விடுவதைப் பார்க்கலாம், குளிர்ந்தால் எழும்பிக் காருக்குள் ஏறலாம். கடல் வற்றி ஏறுகிற இடம் என்பதால் காரைத் தண்ணீருக்குக் கிட்ட விட்டுவிட்டு எங்கும் போகாதீர்கள், ஈர மணலில் டயர் புதையும். மழை பெய்தால் ரீபே கிட்டத்தான், டென்மார்க்கின் மிகப் பழைய நகரம், அந்தப் பெரிய தேவாலயத்தைச் சுற்றியுள்ள சந்துகளில் கல் பதித்திருப்பதால் மாமியை மெதுவாக நடத்துங்கள். கணவரும் ரோமோவில் தாராளமாக சைக்கிள் ஓடட்டும், தீவு முழுக்க மட்டமான தரை.

வீடு எடுக்கும்போது எட்டுக் கட்டில் வீடாகப் பாருங்கள். சிநேகிதியும் வரட்டும், அந்தப் பிள்ளை ஒரு குற்றமும் செய்யவில்லை. ஆனால் விளம்பரத்தில் போடுகிற கட்டில் கணக்கில், ஏணி வைத்து ஏறுகிற ஹெம்ஸ் மாடத்துக் கட்டிலையும் சேர்த்துத்தான் எண்ணியிருப்பார்கள், படத்தை வடிவாகப் பார்த்து அங்கே பெட்டைகளைப் படுக்க விடுங்கள். குளியலறைக்குப் பக்கத்து அறை மாமிக்கு. குளிக்கிற இடத்தில் உயரமான படி இருக்கிறதா என்று வீட்டுக்காரரிடம் கேட்டு எழுத்தில் வாங்குங்கள். 28, 29, 30ஆம் வாரங்கள்தான் முழு நாடும் லீவில் போகிற காலம், 32ஆம் வாரத்துக்கு, அதாவது ஓகஸ்ட் தொடக்கத்துக்கு, தள்ள முடிந்தால் அதையும் கேட்டுப் பாருங்கள், உங்கள் பிள்ளைகளுக்கு அந்த வாரமும் பள்ளி விடுமுறையாக இருந்தால் போதும்.

இவ்வளவுக்கும் முன்னர் இன்று இரவு உங்கள் கணவர் தாயின் அறைக்குள் போய் உட்கார்ந்து, "அம்மா, நீங்கள் இல்லாமல் நாங்கள் போகவில்லை, எந்த இடம் உங்களுக்கு வசதி" என்று கேட்கட்டும். நீங்கள் பக்கத்தில் இருங்கள், ஆனால் அவர்தான் கதைக்க வேண்டும். மறுத்தால் நாளைக்கும் கேட்கட்டும். பிறகு ஒன்று, இந்த வீடுகளில் கரண்டுக் காசை மீட்டர் பார்த்துத் தனியாக வாங்குவார்கள், அந்தக் காசுக்குப் பயந்து மாமியின் அறையில் ஹீட்டரை நிறுத்திவிடாதீர்கள்.