பேண்டுகளைப் பிரிக்காதீர்கள்: ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் டெக்ஸ்சர் கேள்வி-பதில்

கே: ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படத்துக்கு (ஒவ்வொரு பிக்ஸலிலும் நூற்றுக்கணக்கான அலைநீளங்களில் ஒளியைப் பதியும் படம்) செயற்கையாகப் புல்வெளி டெக்ஸ்சரை, அதாவது பரப்பின் நுண்வடிவத்தை, 200 பேண்டுகளுக்கும் (அலைநீளப் பட்டைகளுக்கும்) தனித்தனியாக உருவாக்கினேன். ஒவ்வொன்றும் அசல் போலவே தெரிகிறது. பிக்ஸல்களைப் பரப்பு வாரியாக வகைப்படுத்தினால் மட்டும் சொதப்புகிறது. ஏன்?

ப: தனித்தனியாகச் செய்ததுதான் வினை. 550 நானோமீட்டரில் இருட்டாக இருக்கும் பிக்ஸல், 560-லும் அநேகமாக இருட்டாகவே இருக்கும். உங்கள் படத்தில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏதாவது ஒரு பிக்ஸலின் நிறமாலையை (எல்லாப் பேண்டுகளிலும் அதன் மதிப்புகளை) வரைந்து பாருங்கள், ரம்பப் பல்லாக ஏறி இறங்கும். பச்சை இலையின் நிறமாலையில் 680-ஐ ஒட்டி குளோரோஃபில் பள்ளமும், 700-ஐ ஒட்டிச் செங்குத்தான ஏற்றமும் இருந்தாக வேண்டும்.

எளிய வழி, 1999-இல் எஃப்ரோஸும் லியூங்கும் காட்டிய முறை: அக்கம்பக்கம் ஒத்துப்போகும் இடத்தை மாதிரிப் படத்தில் தேடி, அங்குள்ள பிக்ஸலை எடுத்து வைப்பது. எடுக்கும்போது 200 எண்களையும் ஒரே கட்டாக எடுங்கள். ஒவ்வொரு நிறமாலையும் அசலாகவே வந்துவிடும். தேடலை மட்டும் பிசிஏ-வின் (பல பேண்டுகளைச் சில முக்கியக் கூறுகளாகச் சுருக்கும் கணக்கு முறை) முதல் சில கூறுகளில் நடத்தினால் நேரம் மிச்சம்.

கே: பிசிஏ கூறுகளில் டெக்ஸ்சரை உருவாக்கி, பிறகு பேண்டுகளுக்குத் திரும்பலாமா?

ப: செய்யலாம், பலரும் செய்கிறார்கள். ஆனால் கூறுகளுக்கிடையே நேர்கோட்டுத் தொடர்பு இல்லை என்பதால் அவை ஒன்றையொன்று சாராதவை ஆகிவிடாது. அசலில் மர நிழலின் விளிம்பு, சொல்லப்போனால் முதல் மூன்று கூறுகளிலும் ஒரே இடத்தில் விழும். தனியாக உருவாக்கினால் மூன்று இடத்தில் விழும். எல்லாக் கூறுகளையும் சேர்த்தே உருவாக்குங்கள்.

கே: இரண்டு பரப்புகள் சந்திக்கும் இடம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது.

ப: 20 மீட்டர் பிக்ஸலில் மண்ணும் பயிரும் கலந்தே இருக்கும். நுண்ணிய அளவில் உருவாக்கி, கருவியின் மங்கலையும் சேர்த்துச் சராசரி எடுத்துச் சுருக்குங்கள். கலவை தானாக வரும்.

கே: இந்தியன் பைன்ஸ் தரவில் (வகைப்படுத்தும் முறைகளைச் சோதிக்கப் பலரும் பயன்படுத்தும் ஹைப்பர்ஸ்பெக்ட்ரல் படம்) ஓட்ஸ் பயிருக்கு 20 பிக்ஸல்தான். செயற்கையாகப் பெருக்கலாமா?

ப: பயிற்சிக்கு ஒதுக்கிய பிக்ஸல்களிலிருந்து மட்டும். இருபதையும் பயன்படுத்திப் பெருக்கிவிட்டு, அவற்றிலேயே சோதித்தால் விடைத்தாளைப் பார்த்துத் தேர்வு எழுதியதுபோல்தான்.

கே: சரியாக வந்திருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

ப: பொய்நிறப் படத்தை நம்பாதீர்கள், மூன்று பேண்டுகளைக் காட்டி மீதியை மறைத்துவிடும். பேண்டுகளின் கோவேரியன்ஸையும் (அவை சேர்ந்து மாறும் அளவு), சாம்பல்நிலை இணைநிகழ்வு அணியின் (எந்தெந்தச் சாம்பல்நிலைகள் பக்கத்துப் பக்கத்தில் வருகின்றன என்ற கணக்கு) அளவுகளையும் அசலோடு ஒப்பிடுங்கள். பிறகு, நான் விடாமல் செய்யும் சோதனை: இரண்டிலும் ஆர்எக்ஸ் விலகல் கண்டறியும் முறையை (ஒவ்வொரு பிக்ஸலும் பின்னணியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று மதிப்பிடுவது) ஓட்டுவது. காஸியன் (மணிவடிவப் பரவல்) மாதிரியில் பிறந்த படத்தில் பெரிய விலகல் மதிப்புகள் அபூர்வம். அசல் நிலப்பரப்பிலோ அந்த மதிப்புகளின் பரவலில் வால், அதாவது பெரிய மதிப்புகள் உள்ள முனை, தடித்திருக்கும். கூரையும் பாதையும் தனி மரமும் அங்கேதான் இருக்கின்றன. வால் மெலிந்திருந்தால், அந்தப் படத்தில் சோதிக்கும் கண்டறியும் முறை எதுவும் தன் தகுதிக்கு மேல் மதிப்பெண் வாங்கும்.