பிரதி தயார், பணம் எங்கே?

கேள்வி: எனக்கு வயது 27. ரேஷன் கடை வரிசையில் நடக்கிற மாதிரி ஒரு நாடகம் எழுதி முடித்திருக்கிறேன். பன்னிரண்டு பாத்திரங்கள், ஒன்றேமுக்கால் மணி நேரம். முதல் எட்டுப் பக்கங்களை இணைத்திருக்கிறேன். பிரதியை அனுப்பினால் நிதி தருகிறவர்கள் உண்டா?
– வாசகி, மன்னார்குடி

பதில்: கசப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், அம்மா. எழுதி முடித்த தமிழ்ப் பிரதியை வாங்கிப் படித்துவிட்டுப் பணம் தருகிறவர்கள் அபூர்வம். இனி எழுதப் போவதற்குத் தருவார்கள், மேடையேற்றத் தருவார்கள். இது புரியாமல் உங்கள் வயதில் 94 பக்கப் பிரதியை விண்ணப்பத்தோடு சேர்த்துத் தைத்து ஓரிடத்துக்கு அனுப்பினேன். "திட்டம் இணைக்கப்படவில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. பிரதி வரவேயில்லை. கார்பன் காப்பி இருந்ததால் பிழைத்தேன்.

உங்களுக்குப் பொருந்துவது மத்திய கலாச்சார அமைச்சகத்தின் ஜூனியர் ஃபெல்லோஷிப். 25 முதல் 40 வயதுக்காரர்களுக்கானது. டெல்லியில் உள்ள சி.சி.ஆர்.டி. என்ற கலாச்சாரப் பயிற்சி மையம் விண்ணப்பம் வாங்குகிறது. மாதம் 10,000 ரூபாய், இரண்டு வருடம். மாதாமாதம் வராது, ஆறு மாதத்துக்கு ஒரு தவணையாக நான்கு தவணை. இடையில் வேலை எவ்வளவு நடந்தது என்று அறிக்கை கொடுக்க வேண்டும். இதற்குக் கேட்பது ஆய்வு கலந்த திட்டம். "என் ரேஷன் கடை நாடகத்தைப் போடுகிறேன்" என்று எழுதினால் எடுபடாது. "டெல்டா ஊர்களின் ரேஷன் வரிசைப் பேச்சைச் சேகரித்து, அதிலிருந்து மூன்று குறுநாடகங்கள் எழுதுவேன்" என்று எழுதிப் பாருங்கள். எந்தெந்த ஊர், எத்தனை மாதம், யாரோடு பேசுவீர்கள் என்பதும் வேண்டும். முடித்த நாடகம் மாதிரியாகப் பின்னால் நிற்கட்டும்.

பெங்களூரில் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் த ஆர்ட்ஸ் என்ற கலை அறக்கட்டளை இருக்கிறது. 1995 முதல் நல்கை தருகிறார்கள். இந்திய மொழி எதிலும் விண்ணப்பிக்கலாம் என்பதால் ஆங்கிலத்துக்குப் பயப்பட வேண்டாம். 2008ல் தொடங்கிய தி ஹிந்து நாடகாசிரியர் விருது ஆங்கிலப் பிரதிகளுக்கானது, அதை விட்டுவிடுங்கள்.

தமிழ்நாடு இயல் இசை நாடக மன்றம் புதிய நாடகத் தயாரிப்புக்கு உதவுகிறது. சென்னையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸின் கோடை நாடக விழாவில் புது நாடகங்கள்தான் அரங்கேறும், பரிசும் உண்டு. ஆனால் இரண்டுக்குமே உங்களுக்கு ஒரு குழு வேண்டும். பன்னிரண்டு பாத்திரம் என்றதும் குழுக்காரர் மனசுக்குள் ஒத்திகை டீக்கும் பஸ்ஸுக்கும் கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். ஏழாகக் குறைக்க முடியுமா பாருங்கள்.

அப்புறம், யாருக்கும் அனுப்புவதற்கு முன் காப்புரிமைப் பதிவுக்கு விண்ணப்பித்துவிடுங்கள். கட்டணம் 500 ரூபாய்.

எட்டுப் பக்கமும் படித்தேன். எடை போடுகிறவர் வாயே திறக்காமல் தராசை மட்டும் தட்டுகிறாரே, ஆட்களைக் குறைக்கும்போது அவரை வெட்டிவிடாதீர்கள்.