பத்துமலைக் குரங்குக்குப் படிகளின் வண்ணம் தெரியுமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதி கண்ணைப் பற்றியவை. அவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

2018-இல் பத்துமலையின் 272 படிகளுக்கும் வண்ணம் அடித்தார்களே, அங்குள்ள குரங்கும் புறாவும் அதை நம்மைப் போலவே பார்க்குமா? (வாசகி, செந்தூல்)

குரங்கு, கிட்டத்தட்ட ஆமாம். விழித்திரையில் மங்கிய வெளிச்சத்துக்குக் கோல் செல்கள், பகலுக்கும் நிறத்துக்கும் கூம்பு செல்கள். இரண்டிலும் இருப்பது பார்வை நிறமி: ஆப்சின் என்ற புரதமும், அதற்குள் செருகியிருக்கும் ரெட்டினால் என்ற வைட்டமின் ஏ மூலக்கூறும். ஆப்சினில் ஒருசில அமினோ அமிலங்கள் மாறினாலே போதும், அது அதிகம் உறிஞ்சும் அலைநீளம் நகர்ந்துவிடும். நம் மூதாதைக் குரங்கினத்தில் எக்ஸ் குரோமோசோமில் இருந்த ஓர் ஆப்சின் மரபணு இரட்டித்து, இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாக வேறுபட்டன. அப்படித்தான் சிவப்பும் பச்சையும் பிரிந்தன. நமக்கும் பத்துமலையின் நீள்வால் குரங்குக்கும் அது ஒரே சொத்து. ஒருமுறை என் பையிலிருந்த வாழைப்பழச் சீப்பில் பச்சைக்காயை விட்டுவிட்டுப் பழுத்ததை மட்டும் உருவிக்கொண்டு போனது ஒன்று. மோப்பமும் உதவியிருக்கும், ஆனால் கண் முதலில் போயிருக்கும் என்பது என் ஊகம்.

புறா கதையே வேறு. அதற்கு நிறம் பிரிக்க நான்கு வகைக் கூம்பு செல்கள். ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு சின்ன எண்ணெய்த் துளி, பலவற்றில் சிவப்பு, மஞ்சள் என்று நிறத்தோடு. துளி ஒளியை வடிகட்டித்தான் நிறமிக்கு அனுப்பும். புற ஊதாவின் ஓரமும் அதற்குத் தெரியும். நமக்கு ஒரே மஞ்சளாகத் தெரியும் சாமந்திப் பூவும் பெயின்டும் புறாவுக்கு இரண்டு நிறமாகவே தெரியலாம்.

நாய்க்கு எந்த நிறப் பந்து வாங்கலாம்? (பட்டர்வொர்த்)

நீலம். நாய்க்குக் கூம்பு செல்கள் இரண்டே வகை; அவை அதிகம் உறிஞ்சும் அலைநீளம் சுமார் 429 (நீலம்), 555 (மஞ்சள் கலந்த பச்சை) நானோமீட்டர். சிவப்பையும் பச்சையையும் பிரிக்க அதனால் முடியாது. புல்லில் விழுந்த சிவப்புப் பந்தை அது மூக்கால்தான் தேடும்.

இரவில் லைட் அணைத்த பிறகும் பல்லி சரியாகப் பூச்சியைப் பிடிக்கிறதே, எப்படி? (பிரிக்பீல்ட்ஸ்)

நல்ல கேள்வி. பல்லியின் மூதாதைகள் பகலில் திரிந்தவை. வழியில் கோல் செல்களைத் தொலைத்துவிட்டன. அப்புறம் சந்ததி இரவு வேலைக்கு மாறியது. தொலைந்தது திரும்பவில்லை, இருந்த கூம்பு செல்களே பெருத்து, நீண்டு, கோல் செல் போலாகிவிட்டன. நிறமி மட்டும் கூம்பு செல்லுடையதே. நமக்கு எல்லாம் சாம்பலாகத் தெரியும் நேரத்தில் அவற்றுக்கு நிறம் தெரிவது இதனால்தான். ஹெல்மெட் கெக்கோ என்ற ஆப்பிரிக்கப் பல்லியை மங்கிய நிலவொளி அளவு வெளிச்சத்தில் சோதித்தார்கள். நீலத்தையும் சாம்பலையும் அது பிரித்தறிந்தது. ட்யூப் லைட் அருகே உட்கார்ந்திருக்கும் பல்லியின் கண்ணைக் கிட்டப் போய்ப் பாருங்கள்: பாவை செங்குத்தான கோடாகச் சுருங்கியிருக்கும். அத்தனை கூரான கண்ணுக்கு அந்த வெளிச்சம் தாங்காது. முழு இருட்டில் மட்டும் பல்லியும் குருடுதான்.

மான்டிஸ் இறாலுக்கு 12 நிறமாமே, பினாங்குக் கடலுணவுக் கடைத் தொட்டியில் இருக்கிறதே, அதுவா? (ஜார்ஜ்டவுன்)

பவளப்பாறையில் வாழும் பல வகைகளுக்கு 12 வித நிற உணர்வான்கள் உண்டு, உண்மைதான். ஆனால் எண்ணிக்கையைப் பார்த்து மயங்காதீர்கள். 2014-இல் வெளியான ஆய்வில், நெருங்கிய அலைநீளங்களைப் பிரிப்பதில் நம்மைவிட மோசமாகவே அவை தேறின. ஒப்பிட்டுப் பார்க்காமல், எந்த உணர்வான் தூண்டப்பட்டது என்று மட்டும் பார்த்து முடிவெடுக்கும் கண் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். கடைத் தொட்டியில் இருப்பது மான்டிஸ் இறாலிலேயே ஸ்குயில்லா குடும்பத்து வகை என்றால் இத்தனை ஆடம்பரமும் இல்லை. அதன் கண் எளிமையானது.

பாயான் லெப்பாஸ் பாம்புக் கோயில் விரியன் சூட்டைக் கண்ணால் பார்க்கிறதா? (பினாங்கு)

கண்ணால் அல்ல. கண்ணுக்கும் மூக்குத்துளைக்கும் நடுவில் ஒரு குழி இருக்கும், அதற்குள் மெல்லிய சவ்வு. அங்கே ஆப்சின் வேலை செய்யவில்லை. டிஆர்பிஏ1 என்ற வெப்ப உணர்வுப் புரதம்தான் பொறுப்பு என்று 2010-இல் காட்டினார்கள். செய்தி போவதும் பார்வை நரம்பு வழியாக அல்ல, முகத்தின் தொடு உணர்வைக் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பு வழியாக. ஆனால் மூளையில் கண்ணின் காட்சியோடு அது சேர்ந்துகொள்கிறது. குழியைப் பார்க்கவேண்டும் என்றால் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம்.