குறைந்த விலையில் லைட் ஸ்போர்ட் விமானம்: கட்டுமானத் தரத்தை எப்படிப் பார்ப்பது? (கேள்வி பதில்)

இரண்டு இருக்கை லைட் ஸ்போர்ட் விமானம் (சுருக்கமாக எல்எஸ்ஏ) வாங்குவது பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே மொத்தமாகப் பதில் சொல்கிறேன். நான் விமானம் விற்பவன் இல்லை. இந்த வகை விமானங்களைத் திறந்து பார்த்து வருடாந்திரச் சோதனை செய்து கையெழுத்துப் போடும் மெக்கானிக். சொல்வதெல்லாம் அமெரிக்க நடைமுறையை வைத்து.

கேள்வி (டாலஸ்): அண்ணா, பயிற்சியில் பாதி முடித்திருக்கிறேன். எல்எஸ்ஏ என்றால் மலிவு என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது. உண்மையில் மலிவு என்று ஒன்று இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, ஆனால் புதிதில் இல்லை. 2004 செப்டம்பரில் அமெரிக்க விமானப் போக்குவரத்து அமைப்பான எஃப்ஏஏ இந்த வகையைக் கொண்டுவந்தபோது எல்லோருக்கும் பெரிய கனவு இருந்தது. 600 கிலோ எடை வரம்பு, இரண்டு இருக்கை, ஒற்றை எஞ்சின், மட்டப் பறப்பில் 120 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. இவ்வளவு எளிமையான விமானம் கார் விலையில் வந்துவிடும் என்று நினைத்தார்கள். நடந்தது வேறு. செஸ்னா நிறுவனம் தன் எல்எஸ்ஏவான ஸ்கைகேட்சரை 2007-இல் 1,09,500 டாலர் என்று அறிவித்து, 2011-இல் 1,49,900-க்கு ஏற்றியது. ஐகான் ஏ5 என்ற நீர்-நில விமானம் 1,39,000 என்று ஆரம்பித்து, கடைசியில் மூன்றரை லட்சத்தையும் தாண்டியது. இன்று புதிது என்றால் பெரும்பாலும் இரண்டு லட்சம் டாலரை ஒட்டியோ அதற்கு மேலோதான்.

ஆகவே பத்து, பதினைந்து வயதான விமானத்தைப் பாருங்கள். அந்த வயதில் ஒரு வசதியும் உண்டு. கட்டியவன் சரியாகக் கட்டினானா இல்லையா என்பது அதற்குள் வெளியே வந்திருக்கும்.

கேள்வி (நியூ ஜெர்சி): இந்த விமானங்களுக்குத் தயாரிப்பாளரே சான்று கொடுத்துக்கொள்கிறாராமே சார்? அப்படியானால் தரத்தை யார் பார்க்கிறார்கள்?

நல்ல கேள்வி. பெரிய விமானங்களுக்கு எஃப்ஏஏ வடிவமைப்பையும் தொழிற்சாலையையும் தானே சோதித்துச் சான்று தருகிறது. எல்எஸ்ஏவுக்கு அப்படி இல்லை. ஏஎஸ்டிஎம் என்ற அமைப்பின் வழியாகத் தொழில்துறை சேர்ந்து எழுதிய தரவிதிகள் உண்டு. "என் விமானம் இவற்றுக்கு உட்பட்டது" என்று தயாரிப்பாளர் எழுதிக் கையெழுத்திடுவார். எஃப்ஏஏ ஆள் வந்து விமானத்தையும் தாள்களையும் பார்த்துப் பறக்கச் சான்று தருவார், ஆனால் வடிவமைப்பின் கணக்கைப் போட்டுப் பார்க்க மாட்டார்.

இது ஓட்டை என்று நான் சொல்ல மாட்டேன். நேர்மையான நிறுவனத்துக்கு இது செலவைக் குறைக்கும் நல்ல வழி. ஆனால் 2010-இல் எஃப்ஏஏ வெளியிட்ட ஓர் அறிக்கை முப்பது இடங்களுக்குப் போய்ப் பார்த்ததைச் சொல்கிறது. பெரும்பாலான இடங்களில், கையெழுத்திட்டுக் கொடுத்த உறுதிமொழிக்கு முழு ஆதாரம் காட்ட முடியவில்லை. விமானம் மோசம் என்று அதற்கு அர்த்தமில்லை. சோதனைத் தாள் இல்லை, பாகம் எங்கிருந்து வந்தது என்ற பதிவு இல்லை, இந்த மாதிரி. ஆனாலும் பதிவு இல்லாத இடத்தில் பிழை நடந்தால் எந்தெந்த விமானத்தில் அது இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியாது. அதனால் விற்பவரிடம் நான் முதலில் கேட்பது, தயாரிப்பாளர் இதுவரை வெளியிட்ட பாதுகாப்பு உத்தரவுகளின் பட்டியல். பட்டியல் நீளமாக இருந்தால் பயப்பட வேண்டாம். பத்து வருடத்தில் ஒன்றுகூட வெளியிடாத நிறுவனத்தைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

கேள்வி (விச்சிட்டா அருகிலிருந்து): பழைய ஸ்கைகேட்சர் ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. சீனாவில் கட்டியது என்று நண்பர்கள் வேண்டாம் என்கிறார்கள்.

சீனா என்பதற்காக வேண்டாம் என்பது சரியான காரணம் இல்லை. ஷென்யாங்கில் கட்டி, பிரித்து அனுப்பி, விச்சிட்டாவில் மறுபடி கோத்தார்கள். நான் திறந்து பார்த்தவற்றில் தகடு வேலையும் ரிவெட் வரிசையும் சுத்தமாகவே இருந்தன. 2008-லும் 2009-லும் இரண்டு சோதனை விமானங்கள், வேண்டுமென்றே சுழலவிட்டு மீட்டுப் பார்க்கும் சுழல் சோதனையில் விழுந்தன. அது வடிவமைப்புச் சிக்கல், வாலைத் திருத்திச் சரிசெய்தார்கள்.

உண்மையான குறை எடை. காண்டினென்டல் ஓ-200டி எஞ்சின் கனமானது. விமானத்தின் காலி எடையே சுமார் 375 கிலோ. 600-இல் அதைக் கழித்தால் 225. டேங்க் நிறைய பெட்ரோல் 65 கிலோ. மீதி 160-இல் நீங்களும் பக்கத்தில் உட்காருபவரும் அடங்க வேண்டும். இரண்டாவது குறை, செஸ்னா அதைக் கைவிட்டது. விற்காமல் கிடந்தவற்றைக் கடைசியில் உடைத்தே போட்டார்கள். ஆனால் எஞ்சினுக்கு எங்கும் பாகம் கிடைக்கும், நிறுவனமும் உயிரோடு இருக்கிறது. இருவரும் ஒல்லியென்றால் வாங்கலாம்.

கேள்வி (பீனிக்ஸ்): ஸோடியாக் 601 எக்ஸ்எல் பாதி விலைக்குக் கிடைக்கிறது. ஏன் இவ்வளவு மலிவு?

2006-இலிருந்து 2009 தொடக்கம் வரை பறக்கும்போதே கட்டுமானம் உடைந்து விழுந்த விபத்துகளால். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் சேர்த்து ஆறு. பத்துப் பேர் இறந்தார்கள். 2009 ஏப்ரலில் விபத்து விசாரணை வாரியமான என்டிஎஸ்பி இவற்றைத் தரையில் நிறுத்தச் சொன்னது. அந்த ஆண்டு நவம்பரில் திருத்தம் வந்தது: இறக்கையின் ஸ்பாரையும் (எடையைத் தாங்கும் முதுகெலும்பு) நடுப்பகுதியையும் வலுப்படுத்துவது, எய்லரானுக்கு (இறக்கை நுனிப் பக்கம் அசையும் பலகை) சமன் எடை போடுவது.

திருத்தம் செய்த விமானம் என்றால் பேசலாம். ஆனால் "செய்தாயிற்று" என்ற வாய்ச்சொல் போதாது. லாக்புக்கில் பதிவு வேண்டும், இறக்கை அடிப்பகுதியைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும், எய்லரான் கேபிளின் இழுவையை அளக்க வேண்டும். தளர்ந்த கேபிள் அந்த விமானத்தில் சின்ன விஷயம் இல்லை. திருத்தம் செய்யாததை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்காதீர்கள்.

கேள்வி (சியாட்டில்): மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் நானே பார்த்துத் தரத்தை மட்டுக்கட்ட முடியுமா?

நிறையவே முடியும். ஒரு டார்ச், கையளவு கண்ணாடி, பழைய சட்டை எடுத்துக்கொண்டு போங்கள்.

அலுமினிய விமானம் என்றால் ரிவெட் வரிசையைப் பக்கவாட்டில் குனிந்து பாருங்கள். தகட்டின் ஓரத்துக்கு மிக அருகில் ரிவெட் போயிருந்தால் அது துளையிட்டவன் அவசரம். ரிவெட் தலையைச் சுற்றிப் புகைபோலக் கறுப்புக் கோடு இருந்தால் அந்த ரிவெட் தளர்ந்து தகடோடு உராய்கிறது. ஒன்றிரண்டு என்றால் மாற்றிவிடலாம், ஒரே இடத்தில் கூட்டமாக இருந்தால் உள்ளே ஏதோ அசைகிறது. சோதனை மூடியைத் திறந்து உள்ளே டார்ச் அடியுங்கள். பச்சையோ மஞ்சளோ பிரைமர் பூசியிருந்தால் கட்டியவன் கடலோர உப்புக் காற்றை நினைத்திருக்கிறான். வெறும் தகடு என்றால் விமானம் எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள். ஃப்ளோரிடா கடற்கரையில் நின்றதும் அரிசோனாவில் நின்றதும் ஒன்றில்லை.

கார்பன் அல்லது ஃபைபர் உடல் என்றால் ஒரு நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரே மாதிரி கணீரென்று வந்துகொண்டிருந்த சத்தம் ஓரிடத்தில் மொத்தென்று மாறினால், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம். சக்கரக் கால் சேரும் இடத்தில் வண்ணப்பூச்சில் நட்சத்திர வடிவ விரிசல் இருந்தால் எங்கோ பலமாக இறங்கியிருக்கிறது.

அப்புறம் எஞ்சின் மூடி. கட்டியவனின் குணம் முழுக்கத் தெரிவது இங்கேதான். வயர்கள் கூர்மையான விளிம்பில் உரசாமல் கட்டியிருக்கிறார்களா? எரிபொருள் குழாய்களுக்கு நெருப்பு உறை உண்டா? எக்ஸாஸ்ட் பக்கத்தில் நைலான் உள்ள நட்டு போட்டிருந்தால் தப்பு, சூட்டில் அது உருகும். நட்டின் மேல் வண்ணக் கோடு போட்டிருப்பார்கள், திருகியபின் அசைந்ததா என்று பார்க்க. அந்தக் கோடு எல்லா நட்டிலும் இருக்கும் விமானம் வேறு, பாதியில் மட்டும் இருக்கும் விமானம் வேறு. எஞ்சினுக்கும் இருக்கைப் பகுதிக்கும் நடுவில் உள்ள தடுப்பான ஃபயர்வாலின் கீழ்ப்பகுதி சுருங்கி மடிந்திருந்தால் மூக்குச் சக்கரம் அடி வாங்கியிருக்கிறது. பயிற்சிப் பள்ளியில் ஓடிய விமானங்களில் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

பழைய சட்டை எதற்கு என்றால், அடியில் மல்லாந்து படுத்துப் பார்க்க. வயிற்றுப் பக்கத்தைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

கேள்வி (ஆஸ்டின்): எஞ்சின் ரோட்டக்ஸா ஜாபிருவா?

ரோட்டக்ஸ் 912. ஆஸ்திரியாவில் செய்வது, இந்த வகையில் மிக அதிகமாகப் பார்ப்பது அதைத்தான். மணிக்குப் பதினெட்டு, இருபது லிட்டர் குடிக்கும். எத்தனால் அளவைப் பார்த்து நல்ல கார் பெட்ரோலே போடலாம். 2,000 மணி நேரம் அல்லது 15 வருடம், எது முதலில் வருகிறதோ அப்போது ஓவர்ஹால். விளம்பரத்தில் எழுதாத செலவு ரப்பர் மாற்றம்: ஐந்து வருடத்துக்கு ஒரு முறை எல்லா ரப்பர் குழாய்களும் மாற வேண்டும். விற்பவர்கள் சரியாக அதற்கு முன் விற்கப் பார்ப்பார்கள், லாக்புக்கில் தேதியைப் பாருங்கள். கார்புரேட்டர் மாடல் என்றால் மிதவைகளை எடுத்து நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில தயாரிப்புகள் பெட்ரோலை உறிஞ்சிக் கனத்தன. ஒரு ஜோடி 7 கிராமுக்கு மேல் போகக் கூடாது.

ஜாபிரு ஆஸ்திரேலியாவில் செய்வது, எளிமையான, இலகுவான எஞ்சின். ஆனால் 2014 டிசம்பரில் ஆஸ்திரேலிய அதிகாரிகளே அதற்குப் பறப்புக் கட்டுப்பாடு போட்டார்கள், எஞ்சினை இறுக்கிப் பிடிக்கும் த்ரூ போல்ட் உடைந்த சம்பவங்கள் ஒரு முக்கியக் காரணம். 2016-இல் தளர்த்தினார்கள். போல்ட் மாற்றிய பதிவு இருந்தால் யோசிக்கலாம்.

கேள்வி (சிகாகோ): நிறுவனம் திவாலானால் விமானம் என்ன ஆகும்?

எல்எஸ்ஏ வாங்குபவர்கள் விலையைவிட முதலில் கேட்கவேண்டியது இதுதான் என்பேன். தொழிற்சாலையில் கட்டி வந்த எஸ்எல்எஸ்ஏவில், தயாரிப்பாளர் எழுத்தில் அனுமதி தராமல் ஒரு ரேடியோவைக்கூட உங்கள் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. அனுமதி தர ஆளே இல்லை என்றால் விமானம் அப்படியே உறைந்துவிடும். வழி உண்டு. அதை எக்ஸ்பெரிமென்டல் எல்எஸ்ஏவாக மாற்றிக்கொள்ளலாம். அதன்பின் மாற்றங்கள் உங்கள் பொறுப்பு. ஆனால் வாடகைக்கோ கட்டணப் பயிற்சிக்கோ விட முடியாது, விற்கும்போதும் விலை குறையும்.

திவால் என்றாலே முடிவு என்றும் இல்லை. ஃப்ளைட் டிசைன் என்ற நிறுவனம் 2016-இல் நொடித்து, புதிய உரிமையாளரிடம் மீண்டது. உக்ரைனின் கெர்சோனில் இருந்த உற்பத்தியைப் போர் வந்தபின் செக் குடியரசின் ஷும்பெர்க்குக்கு மாற்றியது. அவர்களின் சிடிஎல்எஸ் விமானத்தை வைத்திருப்பவர்களுக்கு இன்றும் ஆதரவு இருக்கிறது. வாங்கும் முன் ஒரு சின்னச் சோதனை செய்யுங்கள்: அந்த நிறுவனத்துக்கு எழுதி, ஒரு கதவுத் தாழ்ப்பாள் என்ன விலை, எப்போது வரும் என்று கேளுங்கள். வரும் பதிலும் வராத பதிலும் போதும்.

கேள்வி (போர்ட்லாண்ட்): வான்ஸ் ஆர்வி-12 கிட் (பாகங்களாக வரும் விமானம்) வாங்கி நானே கட்டலாம் என்று ஆசை. லேசர் விவகாரத்துக்கு அப்புறம் நம்பலாமா?

தெரியாதவர்களுக்கு: வான்ஸ் நிறுவனம் கொஞ்ச காலம் துளைகளை லேசரால் வெட்டிய பாகங்களை அனுப்பியது. ரிவெட் போட அந்தத் துளைகளைக் குழித்தபோது சிலவற்றில் விரிசல் விட்டது. 1,800-க்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் மாட்டிக்கொண்டார்கள், 2023 டிசம்பரில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது, 2024-இல் வெளியே வந்தது. நான் இதை இப்படிப் பார்க்கிறேன்: பிழை பெரியது, ஆனால் எந்தப் பாகம் எந்தக் காலத்தில் போனது என்று அவர்களால் பட்டியல் போட முடிந்தது. முன்பு சொன்ன பதிவு விஷயம் இதுதான்.

ஆர்வி-12 எனக்குப் பிடித்த விமானம். துளைகள் முன்பே பொருந்தியிருக்கும், பெரும்பாலும் இழுத்துப் போடும் ரிவெட்தான், ஒருவரே கட்டலாம். பாதி கட்டிய கிட்டை யாரிடமாவது வாங்கினால் மட்டும், லேசர் பாகமா என்று ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள்.

கேள்வி (அட்லாண்டா): எஃப்ஏஏவின் மொசெய்க் என்ற புது விதி வந்தபின் எல்எஸ்ஏ எதற்கு? செஸ்னா 150 வாங்கினால் போதாதா?

போதும், பலருக்கு. 2025 அக்டோபர் 22 முதல் ஸ்போர்ட் பைலட் உரிமம் உள்ளவர், ஃப்ளாப் (இறக்கையின் பின்பக்க மடிப்பு) இறக்காமல் 59 நாட்டுக்குள் ஸ்டால் ஆகும் (இறக்கை தூக்கும் சக்தியை இழக்கும்) விமானங்களை ஓட்டலாம். 150, 152 எல்லாம் வந்துவிடும். நான்கு இருக்கை இருந்தாலும் ஒரு பயணிதான். மெடிக்கல் (உடல்தகுதி) சான்றுக்குப் பதில் டிரைவிங் லைசென்சே போதும், கடைசியாகப் போட்ட மெடிக்கல் மனு நிராகரிக்கப்படாமல் இருந்தால்.

ஐம்பது வயது 150-இல் துரு பார்ப்பதே தனி வேலை. வருடாந்திரச் சோதனைக்கு ஐஏ என்ற சோதனை அங்கீகாரம் உள்ள மெக்கானிக் வேண்டும். ஆனால் பாகம் கிடைக்காது என்ற பயமே இல்லை. கையில் பணம் குறைவு, மெக்கானிக் பக்கத்தில் இருக்கிறார் என்றால் நான் 150-ஐத்தான் சொல்வேன்.

கேள்வி (பெங்களூரு): இந்தியத் தயாரிப்பு ஏதாவது உண்டா ஐயா?

உண்டு. பெங்களூரு ராஜ் ஹம்சா நிறுவனத்தின் ஹனுமான், அமெரிக்காவில் எக்ஸ்-ஏர் எல்எஸ் என்ற பெயரில் எஸ்எல்எஸ்ஏவாக விற்றது. குழாய்ச் சட்டம், துணி போர்த்திய எளிய விமானம். அரசு விமான ஆய்வகமான என்ஏஎல் வடிவமைத்த ஹன்சா-3 நம் ஓசூரில் தனேஜா நிறுவனத்தில் கட்டப்பட்டது. புதிய ஹன்சா-என்ஜி 2021-இல் பறந்து, 2022-இல் புதுச்சேரியில் கடல்மட்டச் சோதனை முடித்தது. அது பயிற்சிப் பள்ளிகளுக்கான விமானம், எல்எஸ்ஏ இல்லை.

கேள்வி (டாம்பா): புது மாடலுக்கு முன்பணம் கேட்கிறார்கள். கட்டலாமா?

எஸ்க்ரோ கணக்கில் (மூன்றாம் ஆள் பொறுப்பில் இருக்கும் கணக்கு) வைப்பதாக எழுதித் தந்தால் கட்டுங்கள். நேராக நிறுவனக் கணக்குக்கு என்றால் வேண்டாம். வான்ஸில் பழைய விலைக்கு ஆர்டர் கொடுத்தவர்களே கூடுதலாகக் கட்டித்தான் கிட்டை வாங்கினார்கள். அது பறக்கும் விமானங்களை வருடக்கணக்காக விற்றுவந்த நிறுவனம். நீங்கள் சொல்லும் நிறுவனம் இன்னும் வாடிக்கையாளருக்கு ஒரு விமானம்கூடக் கொடுக்கவில்லை.