தொலைநோக்கி மவுன்ட்டுக்கு மோட்டாரும் டிரைவரும்: கேள்வி பதில்

தை பிறந்துவிட்டது. சம்பா அறுத்த வயல்களில் முக்காலியை நிறுத்த வானம் பார்க்கும் நம்மாட்கள் கிளம்பிவிட்டார்கள். கும்பகோணத்தில், தொலைநோக்கியைத் தாங்கித் திருப்பும் பழைய மவுன்ட்டுகளுக்கு மோட்டார் மாட்டிப் பழகியவன் என்ற முறையில் தெரிந்ததைச் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: பவர் இருக்கும்போது மோட்டார் ஒயரைக் கழற்றாதீர்கள், டிரைவர் (மோட்டாருக்குக் கரண்ட் விடும் சின்ன மின்போர்டு) போய்விடும்.

மன்னார்குடி: சார், 144 பல் வார்ம் கியர் (திருகு ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் ஒரு பல் நகரும்) மவுன்ட். '12 வோல்ட், 0.4 ஆம்பியர்' என்று எழுதிய நீமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார் (ஸ்டெப் ஸ்டெப்பாகத் திரும்புவது) இருக்கிறது, பேட்டரியும் 12 வோல்ட். பொருத்தம்தானே?

பார்க்கப் பத்துப் பொருத்தமும் இருக்கிற மாதிரிதான் தெரியும், ஆனால் இல்லை. அந்த மோட்டாரின் சுருளில் 30 ஓம் தடை, 0.4 ஆம்பியர் ஓட 12 வோல்ட் வேண்டும் என்பதுதான் அந்த எழுத்துக்கு அர்த்தம். மெல்லிய கம்பி, நிறையச் சுற்று, அதனால் இண்டக்டன்ஸ், அதாவது கரண்ட் சட்டென்று ஏறவிடாமல் தடுக்கும் குணம், அதிகம். நட்சத்திரத்தை மெதுவாகத் தொடரும்போது குறை ஒன்றும் தெரியாது. கோடூ (சொன்ன பொருளை நோக்கி மவுன்ட் தானே திரும்புவது) கொடுத்து வேகமாகத் திருப்பினால் ஒரு ஸ்டெப்புக்குக் கரண்ட் ஏறி முடிப்பதற்குள் அடுத்த ஸ்டெப் வந்துவிடும், மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கும். 3 வோல்ட் பக்கமாக, ஒரு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேலே இருக்கிற மோட்டாரை வாங்கி 12இலோ 24இலோ ஓட்டுங்கள். எரியாது. டிரைவர் கரண்ட்டை வெட்டி வெட்டித்தான் விடும். அந்த அளவை வைப்பது உங்கள் வேலை: டிஆர்வி8825 என்ற டிரைவர் போர்டில் சின்னத் திருகில் மல்டிமீட்டர் காட்டும் வோல்ட்டை இரண்டால் பெருக்கினால் ஆம்பியர்.

அப்புறம் கணக்கு. 0.9 டிகிரி மோட்டாருக்குச் சுற்றுக்கு 400 ஸ்டெப், ஒரு ஸ்டெப்பை டிரைவர் கூறுபோடும் மைக்ரோஸ்டெப் 16, பெல்ட்டில் 16 பல்லுக்கு 48 பல் கப்பி என்றால் 3, வார்ம் 144. பெருக்கினால் 27,64,800. முழு வட்டம் 12,96,000 ஆர்க் செகண்ட் (டிகிரிக்கு 3,600), ஆக ஒரு மைக்ரோஸ்டெப்புக்கு 0.47. வானம் நொடிக்கு 15.04 நகர்கிறது, நொடிக்கு 32 துடிப்பு (ஒரு துடிப்புக்கு ஒரு மைக்ரோஸ்டெப்). தாராளம்.

திருவாரூர்: 16 எதற்கு? 256 வைத்தால் 0.03 ஆர்க் செகண்ட் துல்லியம் வருமே?

காகிதத்தில் வரும்.

பேராவூரணி: போர்செட்டுக்கு 5 எச்பி மோட்டார், எந்த ஸ்டார்ட்டர் சேரும்?

ஊர் எலக்ட்ரீஷியனைக் கேளுங்கள். இங்கே ஓடுவது உள்ளங்கையில் அடங்குகிற மோட்டார்.

திருவாரூர்: காகிதத்தில் என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டால் எப்படி? ஓடிப் பார்த்தேன், சத்தமே இல்லை.

சரி, விரிவாகவே சொல்கிறேன். சத்தம் குறைவது உண்மை, ஓட்டம் வழுவழுப்பாவதும் உண்மை. ஆனால் ஒரு மைக்ரோஸ்டெப்பை நகர்த்தக் கிடைக்கும் விசை, மோட்டாரின் பிடிப்பு விசையில் 16க்குச் சுமார் பத்தில் ஒரு பங்கு, 256க்கு நூற்றில் ஒன்றுகூட இல்லை. வார்மின் உராய்வையும் பெல்ட்டின் இறுக்கத்தையும் அது எப்படித் தாண்டும்? பல துடிப்பு சும்மா போய், பிறகு ஒரே தாவல். போதாக்குறைக்கு, நொடிக்கு 2 டிகிரி கோடூ ஓட 16இல் 15,360 துடிப்பு, 256இல் சுமார் இரண்டரை லட்சம். சாதாரணக் கண்ட்ரோலர் திணறும்.

நாகை: அண்ணா, மவுன்ட்டின் அச்சை நேர்செய்யத் துருவ நட்சத்திரம் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

நம் பக்கம் அது 11 டிகிரி உயரத்தில்தான், தென்னந்தோப்புக்குள். அவ்வளவு கீழே சாயாத மவுன்ட்டுகளும் உண்டு, வாங்குமுன் பாருங்கள். நட்சத்திரம் நழுவுவதைப் பார்த்து அச்சைத் திருத்தும் டிரிஃப்ட் முறையில் சரிசெய்யப் பழகுங்கள் தம்பி, மோட்டார் மாற்றி இது தீராது.

பாபநாசம்: என் மோட்டாரிலும் 12 வோல்ட் என்றுதான்...

மன்னார்குடிக்குச் சொன்னதைப் படியுங்கள்.

மயிலாடுதுறை ஆசிரியை: பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் இந்தப் பக்கம் போய்த் திரும்புகிறது. டிரைவர் கோளாறா?

இல்லை டீச்சர். ஒரு நட்சத்திர நாள் 86,164 நொடி, 144 பல்லால் வகுத்தால் 598. வார்ம் ஒரு சுற்று சுற்றும் நேரம் அது, பல்லின் பிசகுதான் திரும்பத் திரும்ப வருகிறது. எந்த மோட்டார் போட்டாலும் வரும். நட்சத்திரத்தைப் பார்த்து ஓட்டத்தைத் திருத்தும் கைடு கேமரா வையுங்கள்.

திருவாரூர்: அப்போது டிஎம்சி2130 டிரைவர் சிப்பில் 256 என்று போட்டிருப்பது ஏமாற்றா?

ஏமாற்று இல்லை. வெளியே 16 கொடுங்கள், சிப் உள்ளே தானே 256 ஆக நிரவிக்கொள்ளும். உங்களுக்குச் சத்தமும் இருக்காது, எனக்கு வாதமும் இருக்காது.

திருத்துறைப்பூண்டி: சார், கோடூ நடுவில் நின்றது, ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், இப்போது ஒரு அச்சு அசையவில்லை.

முதல் பத்தியைப் படித்துவிட்டுப் புது டிரைவர் வாங்குங்கள்.

திருவையாறு: நள்ளிரவுக்கு மேல் கோடூ தவறுகிறது. பேட்டரி 7 ஆம்பியர்-மணி (Ah), லென்ஸில் பனி படியாமல் இருக்க ஹீட்டரும் அதிலேயே.

ஹீட்டர்தான் தின்கிறது, வோல்ட் இறங்கினால் வேகத்தில் மோட்டாருக்கு வலு இருக்காது. ஹீட்டருக்குத் தனி பேட்டரி. மாற்றும்போது முதலில் பவரை அணையுங்கள்.