வேட்டிக்குள் மஞ்சள் சாக்ஸ்

கேள்வி: எங்கள் இளைஞர் மன்றம் ஷேக்ஸ்பியரின் ‘பன்னிரண்டாம் இரவு’ நாடகத்தை, இன்றைய குளச்சலில் நடக்கும் கதையாக மாற்றிப் போடுகிறது. உடைக்குப் பணம் குறைவு. இரட்டையராக நடிக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் முகச்சாயல் ஒட்டவில்லை. ஒலிவியா என்ற சீமாட்டியின் வீட்டு மேனேஜர் மல்வோலியோவின் மஞ்சள் காலுறை இந்தக் காலத்துக்குப் பொருந்துமா?
- வாசகர், மார்த்தாண்டம்

பதில்: முதலில் பிரதியில் உடையைப் பற்றி வசனம் வரும் இடங்களையெல்லாம் கோடிட்டுக்கொள்ளுங்கள். பணம் அங்கேதான் போகவேண்டும். மற்றவர்கள் வீட்டு அலமாரியில் இருப்பதையே உடுத்தி வரட்டும். கதை இன்றைக்குத்தானே நடக்கிறது.

மஞ்சளை விட்டுவிடாதீர்கள். ஒலிவியாவுக்கு அறவே பிடிக்காத நிறம் அது. அவள் தன்னைக் காதலிப்பதாக வந்த பொய்க்கடிதத்தை நம்பி மல்வோலியோ அதையே அணிகிறான். உங்கள் கடற்கரை ஊர்களில் கால்பந்து ஆடாத பிள்ளைகள் குறைவு. முழங்கால் வரை வரும் மஞ்சள் கால்பந்து சாக்ஸ் வாங்கி, அகலமான கறுப்பு எலாஸ்டிக்கைக் குறுக்கும் நெடுக்குமாகச் சாக்ஸோடு சேர்த்தே தைத்துவிடுங்கள். கட்டி மட்டும் விட்டால் நடக்கும்போது அவிழும். ரத்தம் ஓடாமல் இறுக்குகிறது என்று அவனே புலம்புவான். அதை நடிப்பில் காட்டினால் போதும், நிஜமாக இறுக்க வேண்டாம்.

அதற்கு முன்பு வரை அவன் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியும் முழுக்கைச் சட்டையுமாக வரும் கண்டிப்பான மேனேஜர். பெரியவர்களைக் கண்டால் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிடுவது நம்மூர் மரியாதை. அந்த மரியாதையைப் பிறருக்குப் பாடமெடுத்தவன், முதலாளியம்மா எதிரிலேயே வேட்டியை மடித்துக் கட்டி மஞ்சள் காலைக் காட்டட்டும். எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. அந்த நேரம் அம்பர் எனும் செம்மஞ்சள் விளக்கு மட்டும் வேண்டாம். அதில் மஞ்சளும் வெள்ளையும் ஒன்றுபோலத் தெரியும். வெள்ளை வெளிச்சம் கொடுங்கள்.

இரட்டையருக்கு முகம் ஒட்டாதது பெரிய குறையில்லை. அண்ணன் உடுத்திய விதத்திலேயே தானும் உடுத்துவதாக, ஆண்வேடமிட்டிருக்கும் தங்கை வயோலாவே மூன்றாம் அங்கத்தில் சொல்கிறாள். கடைசி வரிசைக்கும் தெரியும் பெரிய கட்டம்போட்ட துணியை ஒரே தானிலிருந்து வெட்டி இரண்டு சட்டை தையுங்கள். இரண்டையும் சேர்த்தே துவையுங்கள், இல்லையென்றால் ஒன்று மட்டும் வெளுத்துவிடும். ஒரே தொப்பி, ஒரே தோள்பை. பெண்ணுக்குச் சட்டை ஓரளவு தொளதொளவென்று இருக்கட்டும். மார்பைத் துணி சுற்றி இறுக்காதீர்கள், வசனம் பேச மூச்சு வேண்டும். உயரம் குறைந்தால் செருப்புக்குப் பதில் தடித்த அடிப்பாகமுள்ள ஷூ போடலாம்.

ஒலிவியா அண்ணனுக்குத் துக்கம் காப்பவள். பின்திரை கறுப்பாக இருந்தால் கறுப்புடையில் ஆளே மறைந்துபோவாள். சாம்பல் நிறச் சேலையும் முக்காட்டுக்கு மெல்லிய துணியும் போதும். காதலில் விழுந்து மனம் மாறிய பிறகு வடசேரி கல் பதித்த நகை ஒன்றைப் போட்டுவிடுங்கள்.

கடைசிக் காட்சியில் வயோலாவுக்குச் சேலை கட்டிவிடும் ஆசை பலருக்கும் வரும். வேண்டாம். அவளுடைய பெண்ணுடை அவளைக் கரைசேர்த்த கப்பல் தலைவனிடம் இருக்கிறது, அவனோ மல்வோலியோ கொடுத்த வழக்கில் சிறையில். அவள் அதே கட்டச் சட்டையோடுதான் முடிக்கவேண்டும்.